இலக்கியச் சமூகவியல் படிக்க: எந்தத் துறை, என்ன பாடம், எப்படிப்பட்ட ஆய்வேடு

நீங்கள் கேட்டவை மூன்று: இலக்கியத்தில் இளங்கலை முடித்தபின் இலக்கியச் சமூகவியல் (நூல்கள் எழுதப்பட்டு, பதிப்பிக்கப்பட்டு, வாசிக்கப்படும் சமூகச் சூழலை ஆராயும் துறை) படிக்க எந்தத் துறையில் சேர்வது, அங்கே என்ன படிக்க வேண்டியிருக்கும், ஆய்வேட்டுக்குத் தலைப்பை எப்படித் தேர்வது. மூன்றாவதிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள். நீங்கள் எதைக் கேட்கிறீர்கள், அதற்கு எந்தச் சான்று வேண்டும் என்பது தெளிவானால் துறையும் நெறியாளரும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். எழுத்தாளர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கேட்பவருக்குக் கணக்கெடுப்பும் நேர்காணலும் தெரிந்த சமூகவியல் துறை வேண்டும். ஒரு பதிப்பகம் முப்பது ஆண்டுகளில் எவற்றை நிராகரித்தது என்று கேட்பவருக்கு ஆவணக் காப்பகத்தில் பழகிய நூல் வரலாற்றாளர் வேண்டும். ஒரு நாவலின் வடிவத்துக்கும் ஒரு வர்க்கத்தின் நிலைக்கும் என்ன உறவு என்று கேட்பவருக்கு இலக்கியத் துறையே போதும். ஆனால் அங்கேயும் வரலாறு படித்த ஒருவரின் துணை தேவைப்படும்.

இந்தப் பெயரிலேயே தனிப் பிரிவு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் மிகக் குறைவு. சுவீடனின் உப்சாலாவில் 1965-இல் லார்ஸ் ஃபுருலாண்ட் தொடங்கிய பிரிவு அதில் ஒன்று. பிரான்சில் ராபர்ட் எஸ்கார்பித் போர்தோவில் ஒரு மையத்தை வளர்த்தார். பாரிசின் சமூக அறிவியல் உயர்கல்விப் பள்ளியில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் மரபை ஜிசெல் சபிரோ போன்றோர் தொடர்கிறார்கள். மற்ற இடங்களில் இது வேறு பெயர்களுக்குள் இருக்கும்: சமூகவியலில் பண்பாட்டுச் சமூகவியல், இலக்கியத் துறையில் இலக்கியமும் சமூகமும், இவை தவிரப் பதிப்பியல், நூல் வரலாறு, மொழிபெயர்ப்பியல், ஊடகவியல். ஆகவே படிப்பின் பெயரைத் தேடிப் பயனில்லை. அந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் ஐந்தாறை எடுத்து, முறையியல் இயலை மட்டும் படியுங்கள். தரவு எங்கிருந்து வந்தது, எத்தனை நூல்கள் அல்லது மனிதர்கள், எப்படித் தேர்ந்தார்கள் என்று அங்கே எழுதியிருந்தால் அது உங்களுக்கான இடம். கோட்பாட்டாளர்களின் பெயர்ப் பட்டியலோடு அந்த இயல் முடிந்துவிட்டால் வேறு இடம் பாருங்கள். இரு துறைகளிலிருந்தும் நெறியாளர் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறதா என்பதையும் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இலக்கியம் படித்துவிட்டு வருபவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம், நாவலைச் சமூகத்தின் கண்ணாடியாகப் படிப்பது. "இந்த நாவலில் கூட்டுக் குடும்பம் உடைகிறது, எனவே அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் உடைந்துகொண்டிருந்தது" என்ற வாக்கியத்தைச் சமூகவியல் தேர்வாளர் ஒருவரும் ஏற்க மாட்டார். உடைவது சுவாரசியமான கதை என்பதால் எழுதியிருக்கலாம். உடையாத குடும்பங்களைப் பற்றிய நாவல்களைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியிருக்கலாம். வந்த நூறு நாவல்களில் உடைவதைச் சொல்லும் பத்து மட்டும் பிறகு பாடத்திட்டத்தில் நின்றிருக்கலாம். சமூகத்துக்கும் நூலுக்கும் நடுவே எழுதுபவர், பதிப்பவர், சட்டம், விலை, விமர்சகர், ஆசிரியர், வாசகர் என்று இத்தனை பேரும் இத்தனை விஷயங்களும் நிற்கின்றன. அந்த நடுப்பகுதியைப் படிப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

இதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் வெண்டி கிரிஸ்வோல்ட் 1981-இல் வெளியிட்ட கட்டுரையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்க நாவல்களில் காதலும் திருமணமும் குறைவு, நாயகன் சமூகத்தை விட்டுக் காட்டுக்கும் கடலுக்கும் ஓடுகிறான், இது அமெரிக்கக் குணம் என்று விமர்சகர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கிரிஸ்வோல்ட் 1876 முதல் 1910 வரை அமெரிக்காவில் வெளியான நாவல்களில் 130-ஐக் குலுக்கல் முறையில் எடுத்துப் படித்தார். 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களின் காப்புரிமையை அமெரிக்கச் சட்டம் ஏற்கவில்லை. ஆங்கிலேய நாவலை உரிமைத்தொகை தராமலே அச்சிடலாம். அப்படியிருக்க, அதே பாணியில் குடும்பக் கதை எழுதும் அமெரிக்கருக்குப் பணம் கொடுக்கப் பதிப்பாளருக்குக் காரணமில்லை. ஆங்கிலேயர் தராத ஏதோ ஒன்றை அமெரிக்க எழுத்தாளர் தந்தாக வேண்டும். 1891-இல் சட்டம் மாறியது. அதன்பின் இரு நாட்டு எழுத்தாளர்களின் கதைப்பொருளும் ஒன்றையொன்று நெருங்கின. தேசியக் குணம்தான் காரணம் என்றால், ஒரு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வித்தியாசம் ஏன் மங்க வேண்டும்?

இந்தக் கட்டுரையின் கட்டமைப்பைக் கவனியுங்கள். போட்டியிடும் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு விளைவுகளை எதிர்பார்க்கின்றன. எது சரி என்று காட்டக்கூடிய ஒரு தேதி கிடைத்திருக்கிறது. தேர்ந்த நூல்கள் ஆய்வாளரின் விருப்பத்தால் வந்தவை அல்ல. உங்கள் ஆய்வேட்டிலும் இந்த நான்கும் இருக்கின்றனவா என்று முன்மொழிவு எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பு வரிசைக்கு வருகிறேன். பெரும்பாலான பாடத்திட்டங்கள் பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் தெ ஸ்தால் 1800-இல் வெளியிட்ட நூல், பிரெஞ்சு விமர்சகர் இப்போலித் தேன் சொன்ன இனம், சூழல், காலம் என்ற மூன்று காரணிகள் என்று தொடங்கும். அவற்றை வரலாறாகத் தெரிந்துகொண்டு விரைவாகக் கடந்துவிடலாம். நின்று படிக்க வேண்டிய முதல் ஆள் லூசியன் கோல்ட்மன். 1950-களின் நடுவில் அவர் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கலின் எழுத்தையும் அதே காலத்து ராசினின் துன்பியல் நாடகங்களையும் எடுத்துக்கொண்டார். அரசனை நம்பிப் பதவி பெற்று, பின்னர் அந்த அரசனாலேயே ஓரங்கட்டப்பட்ட நீதித்துறைப் பிரபுக்களின் நிலையோடு அவற்றை இணைத்தார். அவர் தேடியது கதையில் யார் வருகிறார்கள் என்பதை அல்ல, படைப்பின் அமைப்புக்கும் ஒரு குழுவின் உலகப் பார்வைக்கும் உள்ள ஒப்புமையை. கண்ணாடி வாதத்திலிருந்து இது பெரிய முன்னேற்றம். இதன் பலவீனம், அந்த ஒப்புமை எந்த வழியாக உண்டானது என்பதை அது காட்டுவதில்லை என்பது. அந்தப் பலவீனத்தை நீங்களே கண்டுபிடித்த பிறகு பூர்தியுவிடம் போனால் அவர் எதற்காகக் களம் (எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் விமர்சகர்களும் மதிப்புக்காகத் தமக்குள் போட்டியிடும், தனக்கென விதிகள் கொண்ட வட்டம்) என்ற கருத்தைக் கொண்டுவந்தார் என்பது விளங்கும்.

பூர்தியுவை 1992-இல் வந்த பெரிய நூலிலிருந்து தொடங்காதீர்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் ஃபுளோபேரின் நாவல் ஒன்றை அலசும் அதன் முகப்பிலேயே பலர் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். 1977-இல் அவர் எழுதிய, பண்பாட்டுப் பொருள்களின் மீதான நம்பிக்கை எப்படி உற்பத்தியாகிறது என்ற கட்டுரை நல்ல வாசல். அதில் பிரெஞ்சுப் பதிப்பகம் மினுயியின் விற்பனைக் கணக்கு வருகிறது. பெயர் குறிப்பிடாத ஒரு பரிசு நாவல் முதலில் ஆறாயிரத்துக்கும் மேல் கடைகளுக்குப் போய், திரும்பியவை கழிய நாலாயிரத்துக்கும் மேல் விற்றுப் பிறகு படுத்துவிட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் ரோப்-கிரியேயின் 1957-ஆம் ஆண்டு நாவல் முதல் ஆண்டில் 746 பிரதிதான் விற்றது, 1968-க்குள் மொத்தம் 29,462-ஐ எட்டியது. சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் 1952-இல் நூலாக வந்து, பத்தாயிரத்தைத் தொட ஐந்தாண்டு பிடித்து, 1968-இல் 64,897-இல் நின்றது. இரண்டு வகை வணிகங்கள் அருகருகே நடப்பதை இந்த எண்கள் காட்டுகின்றன: உடனே காசாகும் நூல், இன்றைய நட்டத்தைத் தாங்கிப் பத்தாண்டு கழித்துப் பேரும் பணமும் தரும் நூல். களத்தின் இரு முனைகள் என்று அவர் சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் அது வெறும் சொல்லாக நிற்காது.

உடனேயே பூர்தியுவுக்கு எதிராகப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பெர்னார் லாயிரையும் படிக்க வேண்டும். பிரான்சின் ரோன்-ஆல்ப் பகுதியில் 503 எழுத்தாளர்களிடம் நடத்திய ஆய்வை அவர் 2006-இல் நூலாக்கினார். பெரும்பாலானோர் வேறொரு வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள். ஒருவருடைய நாளின் பெரும்பகுதி பள்ளியிலோ அலுவலகத்திலோ கழியும்போது, அவரை இலக்கியக் களத்துக்குள் மட்டும் வைத்து எப்படி விளக்குவது என்பது அவர் கேள்வி. இது மிக நியாயமான கேள்வி. பூர்தியுவை வேதமாக எடுத்துக்கொள்ளும் ஆய்வேடுகள் இதைத் தொடாமலே போவதால்தான் பலமிழக்கின்றன.

வாசகர் பக்கத்துக்கு ஜானிஸ் ராட்வேயின் 1984-ஆம் ஆண்டு ஆய்வு. காதல் நாவல்களை வாரிப் படிக்கும் 42 பெண்களை, ஒரு புத்தகக் கடைப் பணியாளர் வழியாக அவர் அணுகினார். கதை என்ன சொல்கிறது என்பதைவிட, படிக்க உட்கார்வது அந்தப் பெண்களுக்கு வீட்டு வேலைகளிலிருந்து கிடைக்கும் சொந்த நேரமாக இருந்தது என்ற முடிவு, நூலை மட்டும் படித்தால் ஒருபோதும் கிடைத்திருக்காது. பதிப்பகத்தின் உள்ளே நடப்பதற்கு கே டக்மனும் நினா ஃபோர்ட்டினும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. லண்டன் மக்மில்லன் நிறுவனத்தின் ஆவணங்களில் கையெழுத்துப்படிகளைப் பரிசீலித்தவர்கள் எழுதிய அறிக்கைகளை வைத்து, பெண்களின் தொழிலாக இருந்த நாவல், மதிப்பு கூடக் கூட ஆண்கள் கைக்குப் போனதை அவர்கள் காட்டினார்கள். ரேமண்ட் வில்லியம்ஸ், ஹோவர்ட் பெக்கர், பிரான்கோ மொரெட்டி, பாஸ்கல் கசனோவா ஆகியோரும் பாடத்தில் வருவார்கள். தேர்வுக்காக எல்லோரையும் அரைகுறையாகப் படிப்பதைவிட, இரண்டு ஆய்வுகளை எடுத்து அவற்றின் அட்டவணைகளை மறுபடி நீங்களே போட்டுப் பார்ப்பது கூடுதலாகக் கற்றுத்தரும்.

கைத்திறன்கள் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும், இலக்கிய மாணவர்கள் பயந்து ஒதுக்குவது இதைத்தான். முதல் பருவத்திலேயே அடிப்படைப் புள்ளியியல் பாடம் ஒன்று எடுங்கள். விகிதம், குறுக்கு அட்டவணை (இரண்டு பண்புகளை எதிரெதிரே வைத்து எண்ணுவது), மாதிரிப் பிழை (சிலவற்றை மட்டும் எடுப்பதால் வரும் விலகல்) இவ்வளவு தெரிந்தால் முதுகலைக்குப் போதும். 100 நாவல்களைக் குலுக்கல் முறையில் எடுத்து அதில் பாதி நகரத்தில் நடக்கிறது என்று கண்டால், உண்மை அளவு ஏறத்தாழ 40-க்கும் 60-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 400 எடுத்தால்தான் அந்த இடைவெளி இரு பக்கமும் ஐந்தாகக் குறையும். இதை அறியாமல் 30 நூல்களை வைத்து "47 விழுக்காடு" என்று எழுதுவது தேர்வாளரிடம் நேராகப் போய் மாட்டிக்கொள்ளும் வழி. பூர்தியு மரபில் முனைவர் பட்டம் என்றால் எழுத்தாளர்களின் பிறப்பு, கல்வி, பதிப்பகம், பரிசு முதலிய பண்புகளை ஒரே வரைபடத்தில் அருகருகே நிறுத்திக் காட்டும் பொருத்தப் பகுப்பாய்வு தேவைப்படும். சபிரோ ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலப் பிரெஞ்சு எழுத்தாளர்கள் 185 பேரை இப்படித்தான் ஆராய்ந்தார். ஆர் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம்.

இனி ஆய்வேடு. முதுகலைக்கு ஓராண்டுதான் கிடைக்கும், அதில் தரவுக்கு நான்கு மாதம் என்று வையுங்கள். 300 பக்க நாவலைக் குறிப்பெடுத்துப் படிக்க எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். 60 நாவல் என்று முன்மொழிவில் எழுதுபவர் தன் தலையில் 480 முதல் 600 மணி நேரம் ஏற்றிக்கொள்கிறார். 25 நாவலோடு நிறுத்துங்கள், அல்லது நாவலை விட்டு மதிப்புரைக்குப் போங்கள். ஒரு மதிப்புரைக்கு இருபது நிமிடம் என்றால் 200 மதிப்புரை எழுபது மணி நேரத்துக்குள் முடியும். நேர்காணல் ஒரு மணி நேரம் என்றால் எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி. எனவே 15 நேர்காணல் என்பதே முழு வேலை.

மதிப்புரையை நான் வலியுறுத்திப் பரிந்துரைக்கிறேன். அது தேதியிட்டது, யார் எழுதியது, எங்கே வந்தது என்று தெரிவது, நூலகத்தில் கிடைப்பது. கிரிஸ்வோல்டே 1987-இல் பார்படோசின் நாவலாசிரியர் ஜார்ஜ் லாமிங்குக்கு மூன்று இடங்களில் வந்த மதிப்புரைகளை ஒப்பிட்டார். கரீபிய விமர்சகர்கள் அடையாளச் சிக்கலையும், பிரிட்டிஷார் நடையையும், அமெரிக்கர்கள் நிறவேற்றுமையையும் அவற்றில் கண்டார்கள். ஒரே நூல்கள், மூன்று வாசிப்பு. லியோ லோவன்தால் 1944-இல் இன்னும் எளிய பொருளை எடுத்தார்: இரண்டு அமெரிக்க வார இதழ்களில் 1901 முதல் 1941 வரை வந்த வாழ்க்கைக் குறிப்புகள். தொழிலதிபர், அரசியல்வாதி போன்றோரின் இடத்தைக் கேளிக்கைத் துறையினரும் விளையாட்டு வீரர்களும் பிடித்ததை எண்ணிக்கையே காட்டிவிட்டது. இந்த அளவு வேலை ஒரு மாணவரால் முடியும்.

செய்யும் வரிசையில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, எதிலிருந்து தேர்கிறோம் என்ற முழுப் பட்டியல். ஒரு பத்தாண்டில் வந்த நாவல்கள் அனைத்தின் பட்டியல் தேசிய நூலகத்தின் நூற்பட்டியலில் இருக்கலாம், பதிப்பக விளம்பரங்களில் இருக்கலாம், இதழ்களின் "வரப்பெற்றோம்" பகுதியில் இருக்கலாம். ஒன்றில் விட்டுப்போனது மற்றொன்றில் இருக்கும் என்பதால் இரண்டையாவது சேர்த்துப் பாருங்கள். இன்று கடையில் கிடைக்கும் நூல்களை மட்டும் எடுத்தால் காலம் வடிகட்டியவற்றைத்தான் படிக்கிறீர்கள். இயன் வாட் 1957-இல் ஆங்கில நாவலின் எழுச்சியை டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் ஆகிய மூவரை வைத்துச் சொன்னபோது அதே காலத்தில் எழுதிய பெண்கள் பார்வைக்கு வெளியே போனார்கள். அந்தக் குறையைச் சரிசெய்யப் பின்வந்த ஆய்வாளர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

மற்றொன்று, குறிப்புத்தாள். ஒவ்வொரு நூலிலும் நீங்கள் பதியப்போகும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் விதி வகுக்க வேண்டும். "முதன்மைப் பாத்திரத்தின் வர்க்கம்" என்று ஒரு கட்டம் போட்டால் போதாது. கதை தொடங்கும்போதா முடியும்போதா, தந்தையின் தொழிலை வைத்தா சொந்தத் தொழிலை வைத்தா, சொல்லப்படாவிட்டால் என்ன குறிப்பது என்று எழுதுங்கள். கேள்விகள் பதினைந்தைத் தாண்ட வேண்டாம். ஐந்து நூல்களில் முன்சோதனை செய்து, விதிகளைத் திருத்தி, அந்த ஐந்தையும் மறுபடி முதலிலிருந்து பதியுங்கள். பிறகு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாகப் பதியச் செய்யுங்கள். இருவரின் ஒத்திசைவை கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவால் கணக்கிடலாம். 0.80-க்கு மேல் என்றால் நிம்மதி, 0.667-க்குக் கீழே என்றால் அந்தக் கேள்வியைத் திருத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இந்த ஒரு படியைச் செய்யாததால்தான் நல்ல உழைப்பு வாய்மொழித் தேர்வில் "இது உங்கள் அபிப்பிராயம்தானே" என்ற ஒற்றைக் கேள்வியில் சரிகிறது.

நேர்காணல் வழியில் போனால் வேறு சிக்கல் காத்திருக்கும். எழுத்தாளர்கள் தங்கள் கதையைப் பல மேடைகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருப்பார்கள். "ஏன் எழுதுகிறீர்கள்" என்றால் அந்த மெருகுதான் கிடைக்கும். முதல் நூலின் கையெழுத்துப்படி யார் கைக்குப் போனது, எத்தனை மாதம் கிடந்தது, அச்சுக்கு யார் பணம் போட்டார்கள், அந்த ஆண்டு வாடகை எதிலிருந்து கட்டினீர்கள் என்று செயல்களைக் கேளுங்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: பெயரை மறைத்தாலும் நூலைப் பற்றிய இரண்டு விவரத்தில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். எதை மறைக்க முடியும், எதை முடியாது என்று ஒப்புதல் படிவத்தில் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அறநெறிக் குழுவின் அனுமதி வரத் தாமதமாகும் என்பதால் முதல் பருவத்திலேயே விண்ணப்பியுங்கள். பதிப்பக ஆவணங்களும் அப்படியே. அனுமதிக் கடிதம் கையில் வரும்வரை அதை நம்பித் தலைப்பைப் பதிவு செய்ய வேண்டாம்.

எழுதும்போது மிகுதியாகக் காணும் நோய், களம், பண்பாட்டு மூலதனம் (படிப்பு, ரசனை, பட்டம் போன்றவை தரும் சமூக வலு) போன்ற பூர்தியுவின் சொற்களைக் கண்டதன் மீதெல்லாம் ஒட்டுவது. ஒரு சிற்றிதழ்க் குழுவைக் களம் என்று அழைத்தால், யார் யாரோடு எதற்காகப் போட்டியிடுகிறார்கள், வெற்றியை யார் தீர்மானிக்கிறார்கள், உள்ளே வர என்ன விலை என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் குழு என்றே எழுதுங்கள், அதில் குறைவொன்றுமில்லை. எதிர்ப்பக்க நோயும் உண்டு: அட்டவணை போட்ட மகிழ்ச்சியில் நூலையே மறந்துவிடுவது. நடையும் வடிவமும் சமூக உண்மைகள்தாம். எண்ணிக்கையில் விலகி நிற்கும் இரண்டு மூன்று நூல்களை எடுத்து நெருங்கிப் படித்து ஓர் இயல் எழுதினால் இலக்கியத் துறைத் தேர்வாளரும் நிறைவடைவார், உங்கள் விளக்கமும் ஆழமாகும்.

நெறியாளரை அணுகும்போது "இலக்கியமும் சமூகமும் எனக்குப் பிடிக்கும்" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வருவது அரிது. ஒரு பக்கம் போதும்: ஒரே வாக்கியத்தில் கேள்வி, அதற்கு இருக்கக்கூடிய இரண்டு விடைகள், எந்தத் தரவு அவற்றைப் பிரித்துக் காட்டும், அந்தத் தரவு எந்த நூலகத்தில் இருக்கிறது, நீங்கள் ஏற்கெனவே அதில் எத்தனையைத் திறந்து பார்த்தீர்கள். பத்து மதிப்புரைகளைப் படித்துப் போட்ட சின்ன அட்டவணை ஒன்றையும் கூடவே இணையுங்கள்.